பிறர் நோயை அளக்கும் கோல் எது?

நோய் புகுந்த இல்லத்தில் இரண்டு வினாக்கள் எழுகின்றன. இதற்கு மருந்து உண்டோ என்பது ஒன்று; இஃது ஏன் வந்தது என்பது மற்றொன்று. முதல் வினாவை மருத்துவரிடம் கேட்கிறோம். இரண்டாவது வினாவிற்கோ எவரையும் கேளாமலே விடை கிடைத்துவிடுகிறது. நலம் விசாரிக்க வரும் உறவினர், அண்டை வீட்டார், திருக்கோயிலில் சந்திக்கும் அன்பர் எனப் பலரும் ஒரே சொல்லைத் தந்து செல்கின்றனர்: "எல்லாம் வினைப்பயன்." இதனை ஆறுதலாகச் சொல்வோரும் உளர், தீர்ப்பாகச் சொல்வோரும் உளர். படுக்கையில் கிடப்பவர் செவியில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே விழுகின்றன.

வினைக் கொள்கை நம் அறத்தின் அடித்தளம். அதில் எனக்கு ஐயம் சிறிதும் இல்லை. ஆயினும் அக்கொள்கையை உணர்ந்திருப்பது வேறு. நோயுற்ற ஒருவரை நோக்கி அதனை எடுத்துரைப்பது வேறு. இவ்விரண்டாவது செயலை அறம் ஒப்புமா? இதுவே ஈண்டு எண்ணிப் பார்க்க விரும்பும் வினா.

பொதுப்பட எழுதினால் கருத்துக் கைந்நழுவிப் போகும். ஆகவே ஒரு நோயை எடுத்துக்கொண்டு ஆராய்வோம். கை கால்களுக்குச் செல்லும் நரம்புகளையும் கண்ணின் பார்வை நரம்பையும் தாக்கி, அவற்றின் மேலுறையை அழிக்கும் அரிய நோய் அது. நம்மில் பெரும்பாலோர் அதனைக் கண்டிருக்க மாட்டோம். எனினும், பிறர் துன்பத்தைப் பற்றி நாம் எவ்வளவு அறிவோம், எவ்வளவு அறியோம் என்பதை இந்நோயைப் போலத் தெளிவாகக் காட்டுவன சிலவே.

நோயின் இயல்பு

வீட்டிலுள்ள மின்கம்பியை நோக்குங்கள். உள்ளே செம்புக் கம்பி. அதன்மேல் ஓர் உறை. நம் நரம்பிழைகளுள் பலவும் இவ்வாறே அமைந்துள்ளன. அவ்வுறைக்கு மையலின் என்று பெயர். 1854-இல் அப்பெயரை இட்டவர் ஜெர்மானிய அறிஞர் விர்ஷோ. மின்கம்பியின் உறை இடையறாது நீண்டு செல்லும். நரம்பின் உறையோ சிறு சிறு இடைவெளிகளுடன் கணு கணுவாக அமைந்திருக்கும். 1870-களில் இவ்விடைவெளிகளைக் கண்டு விளக்கியவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் ரான்வியே. நரம்பில் செல்லும் செய்தி ஒரு கணுவிலிருந்து மறு கணுவிற்குத் தாவித் தாவிச் செல்கிறது. அதனால் உறையுள்ள பருமனான நரம்பிழையில் செய்தி நொடிக்கு 100 மீட்டர் வரையிலும் விரையும். உறையில்லா நுண்ணிழையிலோ நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டரே செல்லும். உறை அழிந்தால் செய்தி தளர்ந்து செல்லும், சிதறும், சிலவேளை வழியிலேயே நின்றுவிடும். உள்ளிருக்கும் இழை தொடக்கத்தில் உயிரோடுதான் இருக்கும். நெடுநாள் உறையின்றிக் கிடந்தால் அதுவும் மாளும்.

இவ்வுறையைச் செய்வோர் இரு வகையினர். கை கால்களுக்குச் செல்லும் புற நரம்புகளில் ஷ்வான் செல்கள் அதனைச் செய்கின்றன. ஒரு செல் ஓர் இழையின் ஒரு துண்டுக்கு மட்டுமே உறையிடும். மூளையிலும் தண்டுவடத்திலும் அப்பணியைச் செய்வன ஒலிகோடென்ட்ரோசைட்டு என்னும் செல்கள். இவற்றுள் ஒன்றே பல இழைகளுக்கு உறையிட வல்லது. இங்கே வியப்பான செய்தி ஒன்றுண்டு. கண்ணிலிருந்து புறப்படும் பார்வை நரம்பு, கையிலும் காலிலும் ஓடும் நரம்புகளின் இனத்தைச் சேர்ந்ததன்று. கருவில் அது மூளையிலிருந்தே முளைத்து நீள்வது. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட இழைகளைக் கொண்ட அந்நரம்பின் உறையும் மூளையின் உறையைப் போன்றதே.

ஆகவே காலும் கண்ணும் ஒருங்கே இந்நோய்க்கு ஆட்படுமாயின், இருவேறு கொத்தர் கட்டிய இரண்டு வீடுகளிலும் ஒரே காலத்தில் சுவர் இடிந்தது போலாகும். மருத்துவ உலகம் நெடுங்காலம் இவ்விரண்டையும் தனித்தனி ஏடுகளிலேயே எழுதி வைத்திருந்தது. மூளை, தண்டுவட உறைகள் அழியும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோயைப் பிரான்சின் ஷார்க்கோ 1868-இல் விளக்கினார். புற நரம்புகளை விரைந்து தாக்கும் நோயை 1916-இல் கியான், பாரே, ஸ்திரோல் என்னும் மூவர் விளக்கினர். மெல்ல மெல்ல முற்றியும், விட்டு விட்டும் வரும் புறநரம்பு நோயை அமெரிக்காவின் டைக் என்பாரும் அவர் குழுவினரும் 1975-இல் வரையறுத்தனர். 1987-இல்தான், இவ்விரு பகுதிகளிலும் உறை அழிந்த நோயாளரைப் பற்றிய கட்டுரைகள் இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வெளிவந்தன.

2013-இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழக ஆய்வாளர் மற்றொரு செய்தியைத் தந்தனர். நியூரோஃபாசின் 155 என்னும் புரதம், இருவகை உறைகளிலும் கணுவை ஒட்டிய இடத்தில் இருப்பது. தம் நோயாளர் பலரின் குருதியில் அப்புரதத்தையே தாக்கும் எதிர்ப்பொருள் இருப்பதை அவர்கள் கண்டனர். பகைக் கிருமியை அழிக்க உடல் ஆக்கும் படைக்கலம் தன் வீட்டுச் சுவரையே இடிக்கிறது என்பது இதன் பொருள். ஜப்பான் நாடு முழுவதும் தேடித் தொகுத்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில் இந்நோயர் 40 பேரே இடம்பெற்றனர். பின்னர் ஐரோப்பாவில் நடந்த ஆய்வுகளில் அவ்வெதிர்ப்பொருள் அத்துணை மிகுதியாகக் காணப்படவில்லை. எனவே, எல்லார்க்கும் காரணம் அதுவொன்றே எனக் கூறுவதற்கில்லை.

கண்ணுக்குத் தெரியும் உடலின் காரணத்தைக் காண்பதற்கே இத்தனை அறிஞர்க்கு இத்தனை ஆண்டுகள் ஆயின. வினையின் காரணத்தையோ நாம் வாயிற்படியில் நின்றவாறே கூறிவிடுகிறோம்!

ஏகாரமும் உம்மையும்

யானையைத் தடவிய பார்வையற்றோர் கதையை நாம் சிறுவர்க்குச் சொல்லாத நாளில்லை. அனேகாந்தத்தை விளக்க அதனினும் எளிய கதை இல்லை. இந்நோயோ அக்கதையை மருத்துவமனையிலேயே நடத்திக் காட்டுகிறது.

ஒருவருக்குக் கண்ணை அசைத்தால் வலி. ஓரிரு நாளில் ஒரு கண்ணின் பார்வை மங்குகிறது. சிவப்பு நிறம் வெளிறித் தோன்றுகிறது. அவர் கண் மருத்துவரிடம் செல்கிறார். மற்றொருவருக்குப் பாதம் மரத்துப்போகிறது, படியேறத் துடைகளில் வலுவில்லை, கை நடுங்குகிறது. அவர் நரம்பு மருத்துவரிடம் செல்கிறார். சர்க்கரை நோயாகவோ ஊட்டக்குறையாகவோ இருக்குமென்று முதலில் எண்ணுவதும் இயல்பே. இவ்விரண்டும் ஒருவருக்கே, மாதங்களோ ஆண்டுகளோ இடைவிட்டு வருமாயின் என்னாகும்? கண்ணைப் பார்த்தவர் காலைக் கேளார். காலைப் பார்த்தவர் கண்ணைக் கேளார். இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள் என்பது எவர்க்கும் தோன்றாமற் போகலாம்.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. கண்ணையும் மூளையையும் மட்டும் கண்டு, இது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸே எனத் துணிந்தால் இன்டர்ஃபெரான் பீட்டா என்னும் மருந்தைத் தரக்கூடும். அந்நோயில் அது பயன்பட்ட மருந்துதான். மேற்கூறிய ஜப்பானிய ஆய்விலோ, இருபுறமும் தாக்குண்டோருள் அம்மருந்தைப் பெற்ற பெரும்பாலோர்க்கு அது பயன்தரவில்லை. அல்லது நோயை மிகுவித்தது. மருத்துவர் பொய்யுரைத்தாரா? இல்லை. அவர் கண்டது உண்மை. அவ்வுண்மையே முழுமை எனக் கொண்டதில்தான் பிழை நேர்ந்தது.

தமிழ் கற்பித்தவள் ஆதலால் எனக்கு இஃது இலக்கணமாகவே தோன்றுகிறது. 'கண் நோயே' என்பதில் வரும் ஏகாரம் பிரிநிலைப் பொருளது. அது மற்றவற்றை விலக்கிவிடும். 'கண் நோயும்' என்பதில் வரும் உம்மை எச்சப் பொருளது. சொல்லாத வேறொன்றும் உண்டு எனக் காட்டி, கதவைத் திறந்தே வைக்கும். நம் பெரியோர் 'சியாத்' என்னும் ஒரு சொல்லால் காத்த நெறியைத் தமிழில் இவ்வும்மை காக்கிறது எனலாம். ஏகாந்தம் ஏகாரத்தில் வாழ்கிறது. அனேகாந்தம் உம்மையில் வாழ்கிறது. மருத்துவர்க்கு மட்டுமன்று, நோயாளியைக் காணச் செல்லும் நமக்கும் இவ்விலக்கணம் பொருந்தும்.

வெளிக்குத் தோன்றாத துன்பம்

கட்டுப் போட்ட காலைக் கண்டால் எவரும் வழி விடுவர். உறையிழந்த நரம்பிற்கோ கட்டு இல்லை. கண் நரம்பின் பின்பகுதி தாக்குண்டால், கருவி கொண்டு நோக்கினாலும் கண்ணின் உட்புறம் தொடக்கத்தில் இயல்பாகவே தோன்றும். நோயாளியும் ஒன்றும் காணார், மருத்துவரும் ஒன்றும் காணார் என்று இந்நிலையைக் குறித்து மருத்துவரிடையே ஒரு பழஞ்சொல் வழங்குகிறது.

அப்படியாயின் துன்பம் பொய்யாகுமா? 1972-இல் இலண்டனில் ஹாலிடே, மக்டொனால்ட், மூஷின் ஆகியோர் இதற்கு விடை கண்டனர். கருப்பும் வெள்ளையுமாக மாறி மாறித் தோன்றும் கட்டங்களை நோயாளி பார்க்க வேண்டும். பின்தலையில் ஒட்டிய மின்முனைகள், அக்காட்சி மூளையை எட்டும் நேரத்தைக் குறிக்கும். நலமுள்ளோர்க்கு ஏறத்தாழ 100 மில்லிசெகண்டில், அஃதாவது நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில், குறிக்கப்படும் அலை, உறையழற்சி உற்ற கண்ணில் காலந்தாழ்ந்து வருகிறது. பார்வை திரும்பிய பின்னும் அத்தாழ்ச்சி பலருக்கு நீடிக்கிறது. கை கால் நரம்புகளிலும் சிறு மின்தூண்டல் கொடுத்து இவ்வாறே அளக்கலாம். முன்கை நரம்பில் நொடிக்கு 50 மீட்டர் அளவில் செல்லவேண்டிய செய்தி, இந்நோயில் அதிற் பாதியாகவும் குறையக்கூடும். ஊரார் கண்ணுக்குத் தோன்றாத ஒன்று கருவிக்குத் தோன்றுகிறது. கருவி வருமுன்னரும் அத்துன்பம் இருந்தே இருந்தது.

இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. நாம் நிமிர்ந்து நிற்பதற்கும் இருளில் நடப்பதற்கும், பாதம் எங்கே ஊன்றியுள்ளது என்னும் செய்தி காலிலிருந்து மூளைக்கு எட்டவேண்டும். அச்செய்தி குன்றினால் கண் அதற்கு ஈடு செய்கிறது. அதனால்தான் பாதம் மரத்தவர் பகலில் நடந்துவிடுவார். கண்ணை மூடி நிற்கச் சொன்னால் தள்ளாடுவார். கண்ணும் மங்கிய ஒருவருக்கு அவ்வூன்றுகோலும் போய்விடுகிறது. காலின் குறை ஒரு பங்கு, கண்ணின் குறை ஒரு பங்கு எனக் கூட்டி இரண்டு பங்கு என்று கணக்கிடுவது தவறு. ஒன்றன் குறையை மற்றொன்று தாங்கி வந்த நிலையே குலைந்துபோகிறது. காலில் செருப்புக் கழன்றதை அறியாமல் சிறிது தூரம் நடந்துவிடுபவரையும், சட்டைப் பொத்தானை மாட்டமுடியாமல் நிற்பவரையும் கண்டு நாம் சிரித்துவிடக்கூடும். அவருக்கோ அஃது ஒவ்வொரு நாளின் போராட்டம்.

1890-இல் ஊட்டோஃப் என்னும் ஜெர்மானிய மருத்துவர் மற்றொன்றைக் குறித்தார். பார்வை நரம்பில் உறை கெட்டவர்க்கு, உடல் சூடேறினால் பார்வை மங்கும். உடல் குளிர்ந்தால் மீளும். பொன்னூர் மலைப் படிகளை வெயிலில் ஏறும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். பாதிப் படியில் அவருக்குக் கண் இருள்கிறது. நிழலில் சற்றே அமர்ந்தபின் மீண்டும் தெளிகிறது. "இப்போது எப்படித் தெரிகிறது? அப்போது மட்டும் எப்படித் தெரியாமற் போயிற்று?" என்று உடன் வந்தோர் கேட்பர். சோம்பல் என்பர்; நடிப்பு என்றும் சொல்லத் துணிவர். உறை குறைந்த இழை சூட்டில் செய்தியைக் கடத்தமாட்டாமல் நிற்பதும், குளிர்ந்தபின் கடத்துவதும் இயற்கை என்பதை அவர்கள் அறியார். அறியாமை குற்றமன்று, அறியாததை அறிந்ததாகச் சொல்வது குற்றம். வாய்மை விரதம் பொய்யை மட்டும் விலக்குவதன்று. பிறரைத் துன்புறுத்தும் சொல்லையும் விலக்குவது.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு ஒரு விதியைக் கற்பித்தார்கள். ஒரு பிள்ளை கரும்பலகையைப் பார்த்துத் தவறாக எழுதினால், மந்தபுத்தி என்று சொல்லுமுன் அப்பிள்ளைக்குப் பலகை தெரிகிறதா எனக் கேள். இவ்விதி பள்ளிக்கூடத்தோடு முடிவதன்று.

வினை என்னும் சொல்

இனி மூல வினாவிற்கு வருவோம். சோம்பல் என்றும் நடிப்பு என்றும் சொல்வது தவறு என்பதை எவரும் ஒப்புவர். "முன்வினை" என்று சொல்வதில் என்ன தவறு? அஃது ஆகமம் கூறும் உண்மைதானே என்று கேட்கலாம். இதற்கு ஆகம நெறியிலேயே விடை காண்போம்.

முதலாவது, ஓருயிரின் வினைகளை முழுதும் கண்டறிந்து கூறவல்லவர் கேவல ஞானி ஒருவரே. இப்பஞ்சம காலத்தில் இந்நிலத்தில் கேவலி இல்லை என்பதும் நாம் கொண்ட கொள்கையே. எந்த உயிர் எப்பிறவியில் எதனைச் செய்தது, எது இன்று உதயத்திற்கு வந்தது என்பதை நாம் எவ்வாறு அறிவோம்? கேவலியின் அறிவிற்கு உரிய ஒன்றை நம் நாவில் வைத்துக்கொள்வது, கொள்கைப்பற்றுப் போலத் தோன்றினும் உண்மையில் செருக்கே ஆகும்.

இரண்டாவது, வினை உதயமாவதற்குத் திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் என்னும் நான்கும் துணையாகின்றன என்பர் நம் ஆசிரியர். வினை தனித்து நின்று பயன் தருவதன்று. உடலின் எதிர்ப்பொருளும், நோய் கண்ட காலமும், வாழும் சூழலும், பெறும் மருத்துவமும் ஆகிய இவையெல்லாம் அந்நான்கனுள் அடங்குமன்றோ? எனவே 'வினையே' என்னும் ஏகாரம் நம் நூல்களுக்கும் பொருந்தாது. 'வினையும்' என்னும் உம்மையே பொருந்தும்.

மூன்றாவதே எல்லாவற்றினும் வலியது. துன்பந்தரும் அசாதாவேதநீய வினை எதனால் வந்து சேர்கிறது என்பதைத் தத்துவார்த்த சூத்திரத்தின் 6-ஆம் அத்தியாயம் கூறுகிறது. துக்கம், சோகம், மனவேக்காடு, அழுகை, வதை, புலம்பல் ஆகியவற்றைத் தனக்கேனும் பிறர்க்கேனும் உண்டாக்குதல் அதற்குக் காரணம். உயிர்களிடத்து இரக்கம், தானம், பொறுமை முதலியன இன்பந்தரும் சாதாவேதநீயத்திற்குக் காரணம். இப்போது எண்ணிப் பாருங்கள். நோயாளியின் பழவினையை எடுத்துக்கூறி அவரை அழவைத்துவிட்டு எழுந்து செல்கிறோம். அவர் செய்த வினையை நாம் அறியோம். நாம் செய்த வினையோ அப்போதே, அவ்விடத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது.

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் நிர்விசிகித்சை ஒன்று. அஃதாவது, உடலின் இழிநிலை கண்டு அருவருப்புக் கொள்ளாமை. அதற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுபவன் உத்தாயண மன்னன். அவனைச் சோதிக்க வந்த தேவன் ஒருவன், நோயுற்ற முனிவர் வடிவில் வந்து உணவு ஏற்று, உண்டதை அவன்மீதே உமிழ்ந்தான் என்பது கதை. மன்னன் என் செய்தான்? முகம் சுளிக்கவில்லை. இவர் செய்த வினை இது என்று எண்ணவும் இல்லை. ஒவ்வாத உணவை நான் அளித்துவிட்டேனோ என்று தன்னையே நொந்து, தன் கையாலேயே அவர் உடலைத் தூய்மை செய்தான். இக்கதையில் ஆராயப்பட்டது நோயாளியின் வினையன்று; பணிசெய்பவனின் செயல்.

இங்கே ஒரு தடை எழக்கூடும். வினையை நினைந்து ஆறுதல் கொள்ளும் நோயாளர் பலர் இல்லையா? உளர். "என் வினையை நான் பொறுத்துக் கழிக்கிறேன்" என்று நோயுற்றவர் தம் வாயால் சொல்லும்போது அச்சொல் அவரை நிமிர்த்துகிறது. சினத்தையும் கலக்கத்தையும் தணிக்கிறது. அதே சொல்லை நின்றுகொண்டிருப்பவர் சொன்னால் கிடப்பவரைக் குற்றவாளியாக்குகிறது. சொல் ஒன்றுதான், சொல்பவர் யார் என்பதால் அது மருந்தும் ஆகிறது, நஞ்சும் ஆகிறது. வினைக் கொள்கை தன்னை அளப்பதற்குத் தரப்பட்ட கோல். பிறர் உடம்பின்மேல் வைத்து அளப்பதற்கு அன்று.

கொள்கையைக் கூறாமல் மறைப்பதா என்றும் கேட்கலாம். மறைக்க வேண்டுவதில்லை. நலமாக உள்ளபோது படிப்போம்; பிள்ளைகளுக்குக் கற்பிப்போம்; தருமசபைகளில் விளக்குவோம். நோய்ப்படுக்கை அதற்குரிய வகுப்பறை அன்று.

மருந்தும் முயற்சியும்

'வினை' என்னும் சொல் வேறொரு வழியாலும் தீங்கு செய்கிறது. வினை தீர்ந்தால் நோய் தானே தீரும் என எண்ணிச் சிலர் வாளா இருந்துவிடுகின்றனர். இந்நோயில் அவ்வாறு காலந்தாழ்த்துவது பெருங்கேடு. புறநரம்பின் உறையைச் ஷ்வான் செல்கள் மீண்டும் கட்டிவிடக்கூடும். பார்வை நரம்பிலும் ஓரளவு மீளலாம். உள்ளிழை மாண்டுவிட்டாலோ, கண்ணைப் பொறுத்தவரை அதனை மீட்க இன்றுவரை வழியில்லை. சுவரைக் கட்டுவதற்கும் காலம் உண்டு.

ஸ்டீராய்டு மருந்து, குருதியின் பிளாஸ்மாவை மாற்றுதல், இம்யூனோகுளோபுலினைச் சிரையின் வழி ஏற்றுதல் ஆகியவை மருத்துவர் கையாளும் முறைகள். எதிர்ப்பொருளின் வகைக்கேற்ப முறையும் வேறுபடும். நியூரோஃபாசின் 155-ஐத் தாக்கும் எதிர்ப்பொருள் உடையவர் பலர்க்கு இம்யூனோகுளோபுலின் போதிய பயன் தருவதில்லை. ரிட்டுக்சிமாப் என்னும் மருந்து உதவியிருக்கிறது. இத்தகையோரைத் தனி வகையாகவே கொள்ளவேண்டும் என 2021-இல் வெளியான ஐரோப்பிய நெறிமுறை வகுத்தது. தாமே மருந்து வாங்கி உண்ணலும் ஆகாது. பார்வை நரம்பழற்சி உற்ற 457 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 1992-இல் வெளியான ஆய்வில், அக்காலத்தில் வழக்கமாகத் தந்த அளவில் ஸ்டீராய்டு மாத்திரையை மட்டும் உண்டோர்க்கு நோய் மீண்டும் வருவது மிகுந்தது. நல்லெண்ணம் மட்டும் போதாது, அறிவும் வேண்டும்.

இம்யூனோகுளோபுலின் மனிதக் குருதியிலிருந்து எடுப்பதாயிற்றே, நாம் ஏற்கலாமா என முதியோர் சிலர் தயங்கலாம். ஆயிரக்கணக்கானோர் அளித்த பிளாஸ்மாவைச் சேர்த்து அது செய்யப்படுகிறது. அளித்தவர் உயிரோடு, மனமுவந்து அளித்தது. அதன்பொருட்டு எவ்வுயிரும் கொல்லப்படவில்லை. முகமறியாத பலர் ஒருவர்க்குச் செய்த ஔஷத தானம் என்றே அதனைக் கொள்ளலாம் என்பது என் கருத்து.

மருத்துவத்தை நாடுவது வினைக் கொள்கைக்கு மாறன்று என்பதற்கு நம் மரபிலேயே சான்றுண்டு. சிறுபஞ்சமூலம் பாடிய காரியாசானும் ஏலாதி பாடிய கணிமேதாவியாரும் சமணர். உயிர்க்கு நலந்தரும் அறங்களைத் தொகுத்த தம் நூல்களுக்கு, உடலுக்கு நலந்தரும் மருந்துகளின் பெயரையே அவர்கள் சூட்டினர். காஞ்சியோடு தொடர்புடையவராகப் போற்றப்படும் சமந்தபத்திர ஆசாரியர், தீராப் பசியை விளைக்கும் பஸ்மக நோயால் வருந்தினார் என்பது மரபு வழிச் செய்தி. சல்லேகனை மேற்கொள்ள அவர் தம் குருவிடம் ஒப்புதல் வேண்டினார். குரு அதற்கு இசையவில்லை. அறத்திற்கு உன்னால் ஆகவேண்டுவன பல உள, முதலில் நோயைத் தீர்த்துக்கொள் என்று பணித்தார். அதன்பொருட்டு முனிவர் கோலத்தையே சிறிது காலம் துறக்க நேர்ந்தது என்றும், நோய் நீங்கியபின் மீண்டும் அந்நெறியை மேற்கொண்டார் என்றும் கூறுவர். ஆசாரியரின் குருவே "வினை, பொறுத்துக் கிட" என்று கூறவில்லையெனின், நாம் கூற என்ன உரிமை உண்டு?

நாம் செய்யத்தக்கவை

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம், மருத்துவத்தை நான்கு பகுதியாக்கி நிறைவுறுகிறது. நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பணிசெய்வோர். நான்காவது இடம் நமக்குரியது. அவ்விடத்தில் நிற்பவர்க்குக் காரணம் கற்பிக்கும் கடமை தரப்படவில்லை. பணியே தரப்பட்டுள்ளது. நோயுற்ற துறவியர்க்குப் பணிசெய்யும் வையாவிருத்தியத்தை அகத்தவங்கள் ஆறனுள் ஒன்றாக நம் நூல்கள் வைத்தன. அப்பண்பை இல்லறத்தாரும் தம் சுற்றத்தாரிடம் பழகலாம்.

எனவே, காணச் செல்லும்போது "ஏன் வந்தது?" என்பதை விட்டு, "எது இயலவில்லை?" என்று கேட்போம். படியேற இயலவில்லை என்றால் கை கொடுப்போம். இரவில் நடக்க இயலவில்லை என்றால் வழியில் ஒரு விளக்கு எரியட்டும். வெயிலில் கண் இருள்கிறது என்றால் விடியற்காலையில் திருக்கோயிலுக்கு அழைத்துச் செல்வோம். எழுத்துத் தெரியவில்லை என்றால் நாள்தோறும் அரைமணி நேரம் அருகமர்ந்து நூலொன்றைப் படித்துக் காட்டுவோம். நால்வகைத் தானங்களுள் சாஸ்திர தானத்தை இதனினும் நேராகச் செய்ய இயலுமா? கண்ணும் காலும் ஒருங்கே துன்புற்றால் ஒரே மருத்துவரிடம் இரண்டையும் சொல்லும்படி நினைவூட்டி, பழைய சீட்டுகளையெல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டு உடன் செல்வதும் பேருதவியே. பகுதியை மட்டும் கண்டவர்க்கு முழுமையைக் காட்ட அச்சீட்டுகள் துணை செய்யும்.

ஏதேனும் ஆறுதல் சொல்லியே ஆகவேண்டும் என்று நா துடிக்குமாயின், அவ்வேளையில் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். நான் இவரிடம் கண்டது எத்தனை பங்கு? சொல்லப்போகும் சொல் ஏகாரமா, உம்மையா? விடை தெரியாவிடின் மௌனமாக அருகிருத்தலே அறம். தன் வினையைத் தான் நோக்கி, பிறர் துன்பத்திற்குத் தோள் கொடுத்து, அருகப் பெருமான் அருளிய நல்லறத்தில் நிலைபெறுவோமாக. அறம் வளர்க!